மாமாவின் நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள்

பிப்ரவரி 22, ஞாயிறு

மனைவியின் பிசியோதெரபி கிளினிக்கிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேச்சுவாக்கில் ஒருவர், தங்கள் கட்டடத்தில் லிப்ட் ஏன் இரண்டாவது மாடியில் மட்டும் குலுங்குகிறது என்று கேட்டார். லிப்ட் ஆய்வாளன் நான். வாயைத் திறப்பதற்குள் மாமா பொத்தானை அமுக்கிவிட்டார். "மாப்பிள்ளைகிட்ட கேளுங்க, அவருக்குத் தெரியாததே கிடையாது!" வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது பழகிவிட்டது.

இன்று மட்டும் அந்தப் பொத்தான் ஏழு தடவை.

குறை சொல்லவும் மனசு வரவில்லை. முப்பத்தோரு வருஷம் துறைமுகச் சந்தையில் மீன் ஏலம் கூறியவர் என் மாமனார். ஒலிபெருக்கி இல்லாமல் சந்தை முழுக்கக் கேட்ட தொண்டை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, "எத்தனை நாள் இருக்கு?" என்று மட்டும் கேட்டார். பதினோரு நாள். பதினோரு நாளும் துணி அலமாரிக்குள் நாற்காலியைப் போட்டு (கோட்டும் போர்வையும் இருந்தால் எதிரொலி வராதாம்), மகள் மைக்கைப் பிடிக்க, ஒவ்வொரு வாக்கியமாகப் பேசிப் பதிவு செய்தார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. நானாக இருந்தால் பெரிய தத்துவமாகப் பேசி வைத்திருப்பேன். அவர் பேசியது: "டீ ஆறிப்போச்சு." "யாரு கதவைத் தட்டுறது?" "ஃபேனைக் கொஞ்சம் குறைங்க." "அடப் போய்யா!" இந்த 'அடப் போய்யா' மட்டும் ஐந்து தினுசில் இருக்கிறது. நாளைக்குத் தனக்கு எது தேவைப்படும் என்று இவ்வளவு துல்லியமாக யோசித்த மனிதரை நான் பார்த்ததில்லை.

அத்தனையும் ஹால் மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரில் பெரிய பெரிய பொத்தான்களாக நிற்கின்றன. அமுக்கினால் பழைய குரல் வருகிறது. போனில் தட்டிப் பேச விரல் நடுங்குகிறது. பொத்தானில் இல்லாததைச் சொல்ல ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கரும் வைத்திருக்கிறார்.

எல்லாம் சரி. ஆனால் அந்த ஒரு வாக்கியம்.

பிப்ரவரி 24, செவ்வாய்

'கேலி' என்று பெயரிட்ட ஃபோல்டரை, மாமா பல் தேய்க்கப் போன நேரத்தில், பென் டிரைவில் ஏற்றி ஆபீசுக்குக் கொண்டுபோனேன். அறுபத்து நான்கு வாக்கியங்கள். அந்த ஒன்றின் சத்தத்தை மட்டும் குறைத்து, கரகரவென்று ஆக்கி, 'தானாகவே கெட்டுப்போச்சு' என்பது போல் திரும்ப வைத்துவிடலாம் என்று எண்ணம்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் எந்தப் புது மென்பொருளையும் ஏற்ற அனுமதி இல்லை. பென் டிரைவை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

நாற்பத்தாறு வயசு எனக்கு. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 26, வியாழன்

அரை நாள் விடுப்பு. மனைவி கிளினிக்கில். மாமா மதியத் தூக்கத்தில். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே, ஒலியை வெட்டுகிற இலவச மென்பொருள் ஒன்றைத் தேடி இறக்கினேன். 'அடுத்து', 'அடுத்து', 'ஒப்புக்கொள்கிறேன்'. நடுவில் 'இதையும் சேர்த்து நிறுவலாமா?' என்று ஏதோ கேட்டது. என்னவென்று படிக்காமலே ஆம் என்றேன். சோதனைத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட மெக்கானிக்கைப் போன மாதம்தான் நிற்க வைத்துக் கிழித்தேன்.

வெட்டுகிற மென்பொருள் திறக்கவே இல்லை. உள்ளே மாமா இருமும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் மூடிவிட்டு, செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

கம்ப்யூட்டரைத் திறந்தாலே விளம்பரம். தலைமுடி வளரும் எண்ணெய், முழங்கால் வலிக்கு மாத்திரை. மூடினால் இன்னொன்று முளைக்கிறது. மனைவி மாமாவிடம், "அப்பா, எதையாவது அமுக்கினீங்களா?" என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். பிறகு கொஞ்சம் யோசித்து, 'இருக்கலாம்' என்பது போல் உள்ளங்கையை விரித்தார்.

நான் செய்தித்தாளில் வானிலை படித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5, வியாழன்

யாரும் தொடாதபோதும் கம்ப்யூட்டருக்குள் விசிறி இரைகிறது. உள்ளே என்னவோ நடக்கிறது.

மார்ச் 7, சனி

காலை ஒன்பதே கால். மாமா மகளைக் கூப்பிடப் பொத்தானை அமுக்கினார். சத்தம் இல்லை. இன்னொரு தடவை. இன்னொன்றை. பொத்தான்களின் படங்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாக மாறிக்கொண்டிருந்தன. பிறகு திரை முழுக்க ஒரு செய்தி: உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் திறப்போம்.

மனைவி, பல் கிளினிக்குக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் ஒரு பெண். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "கதை அப்புறம் சொல்லுங்கக்கா. முதல்ல நெட் வயரைப் பிடுங்குங்க. பேசிக்கிட்டே பிடுங்குங்க. பிடுங்கியாச்சா? இப்ப சுவத்துல இருக்கற பிளக். ஒழுங்கா மூடணும்னெல்லாம் பார்க்காதீங்க, பிளக்கையே உருவுங்க. காசு கேட்டா கட்டாதீங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது." மொத்தம் நாற்பது விநாடி இருக்கும். லிப்ட் நடுவில் நின்றால் எங்கள் கட்டுப்பாட்டு அறையில் இவ்வளவு தெளிவாகப் பேச ஆள் கிடையாது.

மாமா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், சூடு பட்டது போல. பிறகு பலகையில் எழுதிக் காட்டினார்: "நான்தான் போலிருக்கு. எதையோ அமுக்கிட்டேன்."

"பரவாயில்ல மாமா, விடுங்க. வேணும்னேவா செஞ்சீங்க?" என்றேன்.

மன்னித்துவிட்டேன். அவரை. நான்!

மார்ச் 8, ஞாயிறு

கடைக்காரப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை, கையில் காலியான முட்டைத் தட்டு. எதற்கு என்று பார்த்தால், கழற்றுகிற ஒவ்வொரு திருகையும் அந்தந்தக் குழியில் வரிசையாகப் போடுகிறாள். கழற்றிய வரிசையின் தலைகீழ் வரிசையில் மாட்டுவாளாம். "மிச்சம் ஒண்ணு நின்னுச்சுன்னா நான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கேன்னு அர்த்தம்." மாமா உடனே பலகையில் "முட்டைத்தட்டு மேடம்" என்று பட்டம் எழுதிக் காட்டினார். அவள் சிரித்து ஒரு சலாம் வைத்தாள். நேற்றிலிருந்து மாமா விளையாட்டாக எழுதியது அது ஒன்றுதான்.

அவள் வேலை செய்வதை மூன்று மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தேன். சொல்லித்தான் ஆகவேண்டும், அழகு. கம்ப்யூட்டரை ஆன் செய்யவே இல்லை. உள்ளிருந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்தாள். இனிமேல் வெட்டுவது, தோண்டுவது எல்லாம் பிரதியில்தான். அசலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டாள். பிறகு தன் மடிக்கணினியில் பிரதியைத் திறந்து, கம்ப்யூட்டர் விழித்தவுடன் தானாக எழுந்திருக்கும் நிரல்களின் பட்டியலை எடுத்தாள். எண்பத்து மூன்று வரிகள். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, இது யார், எப்போது வந்தது, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று மூன்றே கேள்வி. அவசரமே இல்லை. விபத்து நடந்த லிப்டில் நாங்கள் கயிற்றை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்போம். அதே பொறுமை.

"உங்க வீட்ல பிரிண்டர் இருக்கா?" என்றாள்.

"இல்லையே."

"பிரிண்டரே இல்லாத வீட்ல பிரிண்டருக்கு ஒருத்தன் மணிக்கு ஒருதரம் அப்டேட் எடுத்துக்கிட்டிருக்கான். இவன்தான் ஆளு. வெளியில தூக்கிப் போட்டாலும் இவன் கூட்டாளி ஒருத்தன் மறுபடி உள்ள கூட்டிட்டு வருவான். அவனையும் பிடிக்கணும்." பத்து நிமிஷத்தில் கூட்டாளியையும் பிடித்தாள். மனசுக்குள் கை தட்டினேன்.

பிறகுதான் கணக்கு வந்தது. அந்தப் பூட்டுகிற நிரல் அகர வரிசையில் ஃபோல்டர் ஃபோல்டராகப் போயிருக்கிறது. 'அம்மாடி', 'கேலி' இரண்டும் போய்விட்டன. 'சந்தை'க்குள் நுழையும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டோம். சந்தை, சாப்பாடு, மருந்து, வாசல் நான்கிலும் சேர்த்து முந்நூற்றுப் பதினொன்று பிழைத்தன. கம்ப்யூட்டரின் பின்னால் மனைவி நிரந்தரமாகச் செருகி வைத்திருந்த நகல் பென் டிரைவிலும் அதே இரண்டு காலி. "மாத்துச் சாவியைப் பூட்டுலயே தொங்க விட்டிருக்கீங்கக்கா" என்றாள், திட்டாமல்.

'அம்மாடி' என்பது மாமா தன் மகளைக் கூப்பிடும் சொல். அந்த ஃபோல்டரில் இருந்த முப்பத்தேழும் அவளுக்காக மட்டும் பேசியவை. மனைவி சமையலறைக்குப் போய்விட்டாள். குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

அவள் திரும்பி வந்ததும் கடைக்காரப் பெண் எல்லோரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்டாள்: "யாரு பண்ணாங்கன்னு எனக்கு வேணாம். என்ன இறக்கினீங்க, எங்கருந்து இறக்கினீங்கன்னு தெரிஞ்சா எந்த வகைப் பூட்டுன்னு தேடலாம். வேற எங்கயாவது ஒரு காப்பி இருந்தாலும் சொல்லுங்க."

மாமா "ஞாபகம் இல்லை" என்று எழுதினார்.

"வியாழக்கிழமை மத்தியானம் வீட்ல யாரு இருப்பீங்க?"

"அப்பா மட்டும்தான்" என்றாள் மனைவி. அவள் பார்வை ஒரு நொடி கூட என் பக்கம் திரும்பவே இல்லை. அவ்வளவு நம்பிக்கை.

நான் டீ போட்டுவருகிறேன் என்று எழுந்துபோனேன்.

மார்ச் 9, திங்கள்

ஆபீஸ் டிராயரைத் திறந்து திறந்து மூடினேன். மதிய இடைவேளையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பென் டிரைவைப் போட்டேன். அறுபத்து நான்கும் இருக்கின்றன. உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை, இந்த டிராயரில்தான் இருக்கின்றன. "மாப்பிள்ளை சட்டை நல்லாருக்கு, யாரோடது?" "இந்தக் கதையைப் போன வாரமே கேட்டாச்சு, அடுத்த பாகம் இருக்கா?" கேட்கக் கேட்கச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆபரேஷனுக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு மனுஷனால் இப்படிப் பேச முடியுமா? பயம் என்பது ஒரு இழை கூட அந்தக் குரலில் இல்லை.

ஒரு யோசனையும் வந்தது. 'பாதுகாப்புக்காக ஒரு காப்பி எடுத்து வச்சிருந்தேன்' என்று கொண்டுபோய்க் கொடுத்தால்? மனைவி கண் கலங்கி நன்றி சொல்வாள். மாமா கையெடுத்துக் கும்பிடுவார். பொய்யும் ஒட்டிக்கொள்ளும், பேரும் கிடைக்கும். கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன். நன்றாகவே வந்தது.

மார்ச் 10, செவ்வாய்

மாமா எதையும் தொடுவதில்லை. கம்ப்யூட்டர் கடையில் இருக்கிறது, சரி. டிவி ரிமோட்டைக் கூட எடுக்க மாட்டேன் என்கிறார். மார்க்கர் மூடியைத் திறக்கவே இல்லை. காலிங் பெல் அடித்தால் எழுந்து போய்த் திறப்பவர், இன்று உட்கார்ந்தே இருந்தார்.

மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "எங்கப்பா ரெண்டாவது தடவை பேச்சை விட்டுட்டாருங்க. முதல் தடவை டாக்டர் எடுத்தாரு. இப்ப அவரே விட்டுட்டாரு." மடித்த துணியையே உதறி மறுபடி மடித்தாள்.

ஐயோ, என்ன மனுஷன்டா நீ? வாயைத் தொறந்தா என்ன?

மார்ச் 11, புதன்

மதியம் பென் டிரைவோடு கடைக்குப் போனேன். ஒரு ஆள் நிற்கும் அகலம்தான் கடை. சுவர் முழுக்க முட்டைத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டு. எங்கள் வீட்டுத் தட்டில் சீட்டு: 'ஏலக்காரர் ஐயா'. என் பெயரோ மனைவி பெயரோ இல்லை. சொந்தக்காரர் யாரென்று சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். எந்த வாக்கியம், எதற்காக, எந்தத் தளம், எந்த இடத்தில் படிக்காமல் 'ஆம்' போட்டேன் என்பது வரை.

"தெரியும் சார்" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "வியாழன் ரெண்டு பதினாலு. உங்க பேர் போட்ட அக்கவுண்ட். ஐயாவுக்குத் தனியா இருக்கே."

"அப்பறம் ஏன் அன்னிக்கே சொல்லல?"

"மெஷினைச் சுத்தம் பண்ணத்தான் கூப்பிட்டாங்க. வீட்டுக்குள்ள சண்டை மூட்டிவிட்டு வர்றது எதுக்கு? நீங்களே வருவீங்கன்னு நெனச்சேன். டீ போடப் போனீங்க பாருங்க, ரெண்டு டம்ளர்ல சக்கரையே இல்ல."

என் பென் டிரைவை நேரடியாக எதிலும் போடவில்லை. எதனோடும் தொடர்பில்லாத ஒரு ஓட்டை மடிக்கணினியில் முதலில் போட்டு அலசினாள். சுத்தம். அறுபத்து நான்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து முழுக்கக் கேட்டாள். தொடக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு விடலாமே என்றேன். "நடுவுல உடைஞ்சிருந்தா ஐயா அமுக்கறப்பத்தான் தெரியும். அது நல்லாருக்காது" என்றாள். நாற்பதாவது வாக்கியத்தில் அவளும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

நான் சொன்ன மென்பொருளின் பெயரை வைத்துப் பூட்டின் வகையைத் தேடிப் பிடித்தாள். ஒன்றரை மணி நேரம். அதற்குத் திறவுகோல் யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லையாம். பூட்டிய முப்பத்தேழையும் அழிக்காமல் அசல் டிஸ்க்கோடு எடுத்து வைத்துவிட்டு, மற்றதை முழுக்கத் துடைத்துப் புதிதாக ஏற்றப்போகிறாள்.

"கேலி வந்துடுச்சு சார். அம்மாடி இப்போதைக்கு வராது."

மார்ச் 14, சனி

கம்ப்யூட்டர் வந்தது. முட்டைத் தட்டில் ஒரு திருகும் மிச்சமில்லை. மாமாவை இழுத்து வந்து உட்கார வைத்தோம். மவுஸைத் தொட மறுத்தார். கடைக்காரப் பெண் அவர் கையை எடுத்து அதன்மேல் வைத்து, "இனிமே இங்க எதையாவது புதுசா ஏத்தணும்னா உங்க அனுமதி வேணும் ஐயா. உங்க பாஸ்வேர்டு இல்லாம யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். நகலுக்கு ஒரு தனி டிஸ்க். சனிக்கிழமைதோறும் செருகி, பிரதி எடுத்து, உடனே பிடுங்கி அலமாரியில் வைக்க வேண்டும். அந்த வேலை எனக்கு.

கேலிப் பக்கத்தைத் திறந்ததும் மனைவி அசந்துபோனாள். "இது எப்படி வந்துச்சு?"

கடைக்காரப் பெண் குனிந்து பையில் எதையோ தேடினாள். தேட ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"நான் திருடி வச்சிருந்தேன்" என்றேன். மீதியையும் சொன்னேன். கடைக்காரப் பெண் பையை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பிவிட்டாள்.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஒரு வாரமா அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாரே. பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க? 'பரவாயில்ல மாமா'ன்னு வேற சொன்னீங்க." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாமா என் பக்கம் திரும்பினார். பிறகு பல நாளாகத் தொடாத மார்க்கரை எடுத்தார். "எந்த வாக்கியம்?"

சொன்னேன்.

எழுதினார், துடைத்தார், மறுபடி எழுதினார். "சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பேனே. அவ்வளவு வலிச்சுதா?"

அடித்திருந்தால் கூட இப்படி வலித்திருக்காது.

மார்ச் 15, ஞாயிறு

மனைவி பேசவில்லை.

மார்ச் 18, புதன்

கேலிப் பக்கத்தில் அந்தப் பொத்தானைக் காணோம். மாமா எடுத்துவிட்டிருக்கிறார். அறுபத்து மூன்றுதான் இருக்கின்றன.

"மாமா, அதைத் திருப்பி வைங்க" என்றேன்.

பலகையில்: "முடியாது."

"வைங்க மாமா. ப்ளீஸ்."

"கெஞ்சுறது போதாது" என்று எழுதினார். பக்கத்து வீட்டு வக்கீலம்மா தண்ணீர் வாங்க வந்த நேரம் பார்த்து இன்னொரு தடவை கெஞ்ச வைத்தார். சாட்சியோடு கெஞ்சிய பிறகுதான் வைத்தார். பெரிய மனசு என்பதைப் பலரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் காட்டுவார்கள். இவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு காட்டுகிறார்.

மனைவி தேவைக்கு மட்டும் பேசுகிறாள். "பால் தீர்ந்துடுச்சு." "சாவி வச்சிருக்கேன்." என் முகத்தைப் பார்த்து அல்ல.

மார்ச் 21, சனி

பிரதி எடுத்தேன். பிடுங்கினேன். அலமாரியில் வைத்தேன்.

மாமா கை தட்டிக் கூப்பிட்டார். மடியில் ஒரு பழைய நோட்டு. அந்தப் பதினோரு நாளும் என்ன பேசினார் என்று மனைவி எண் போட்டு எழுதி வைத்த நோட்டு. 'அம்மாடி' பக்கத்தைத் திறந்து என் கையில் கொடுத்தார். பலகையில்: "நீங்க பேசுங்க."

"நானா? என் குரல்லயா? அவ ஒத்துக்குவாளா மாமா? அதுக்குன்னு எழுதினா தானாப் படிக்கிற மெஷின் குரல் இருக்கே, அதை…"

"அந்த மெஷின் பொண்ணு குரல்ல என் மகளை நான் கூப்பிட மாட்டேன்." துடைத்துவிட்டுத் தொடர்ந்தார்: "தொண்டை போனது எனக்குத்தான். உங்களுக்கு இல்லையே?"

மார்ச் 25, புதன்

மனைவி கிளினிக் போன பிறகு துணி அலமாரிக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மாமா எதிரில், மைக்கைப் பிடித்துக்கொண்டு. முதல் வாக்கியம் முடிந்ததும் பலகை வந்தது: "லிப்ட் சான்றிதழ் படிக்கிற மாதிரி இருக்கு."

பிறகு கையாலேயே ஆட்டிவைத்தார். உள்ளங்கை தாழ்ந்தால் மெதுவாக. விரலை நீட்டினால் கடைசிச் சொல்லை இழுக்க வேண்டும். கையை மூடினால் நிறுத்த வேண்டும். முப்பத்தோரு வருஷம் ஒரு சந்தையையே கையசைவில் நடத்தியவர். என் ஒருத்தனை நடத்த முடியாதா? 'அம்மாடி' என்ற ஒரு சொல்லுக்கே ஒன்பது தடவை ஆனது. நான் கூப்பிடுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு வேண்டியது வேறு. அவள் பக்கத்தில்தான் இருக்கிறாள், வந்துவிடுவாள் என்று தெரிந்தவன் சொல்கிற மாதிரி. ஒன்பதாவது தடவை தலையாட்டினார்.

முப்பத்தேழு வாக்கியத்தையும் படித்து முடித்த பிறகும் நோட்டை மூடாமல் வைத்திருந்தேன். பதினெட்டு வருஷம் அவளோடு குடும்பம் நடத்துகிறேன். "கால் வலிக்குதுன்னா உக்காரு, வேலை எங்கயும் ஓடிடாது" என்று ஒரு நாள் சொன்னதில்லை. "இன்னிக்கு நீ சிரிக்கவே இல்லையே, என்னாச்சு?" என்று கேட்டதில்லை. இவர் அதையெல்லாம் குரல் போகும் முன் மறக்காமல் எடுத்து வைத்திருக்கிறார்.

பொத்தான்களில் அவரே ஏற்றிக்கொண்டார்.

மார்ச் 29, ஞாயிறு

காலை பத்து மணி. மனைவி பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் ஹாலில் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாமா என்னைப் பார்க்காமல் பொத்தானை அமுக்கினார்.

"அம்மாடி, வெயில் ஏறிடுச்சு பாரு. மிச்சத்தை அப்பறம் காயப்போடலாம், உள்ள வா."

"இதோ வந்துட்டேம்ப்பா!"

பின்கட்டிலிருந்து பட்டென்று வந்துவிட்டது பதில். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தவள், பாதி ஹாலில் நின்றுவிட்டாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பதினைந்து நாளுக்கு அப்புறம், முகத்தைப் பார்த்து.

நான் ஷூவையும் துணியையும் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்து மாமா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை போடுங்கப்பா" என்றாள்.